ஏழு நிமிஷம் பன்னிரண்டு நொடி

ஜெயசுதா அக்கா செஸ் கடிகாரத்தை அமுக்கவில்லை. ராணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கனியின் சிப்பாய் ஒன்றை வெட்டினாள், வெட்டிய சிப்பாயை மேசை ஓரத்தில் ஏற்கெனவே செத்துக் கிடந்த காய்களுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தாள், கையை மடியில் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கடிகாரத்தில் அக்கா பக்கத்து எண்கள்தான் இன்னும் குறைந்துகொண்டிருந்தன. 7:12. 7:11. கனி பக்கத்து எண்கள் 16:40-லேயே நின்றுபோயிருந்தன. கனிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அக்கா தன் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், கனி யோசிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் ஓடுவது அவள் நேரம். காலையில் நடுவர் மைக்கில் சொன்னது அப்படியே காதில் இருந்தது: எதிராளி பட்டனை அமுக்கின பிறகுதான் நீங்க காய்ல கை வைக்கணும், எதிராளி அமுக்க மறந்தா ஞாபகப்படுத்தணும்னு கட்டாயம் கிடையாது. கட்டாயம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஏழு நிமிஷம் இருந்தால் போதும், நேரம் தீர்ந்துபோனால் அக்கா தோற்றதாகிவிடும். மனுஷ ஆளோடு உட்கார்ந்து ஆடிய இருபத்தெட்டு ஆட்டத்தில் இருபத்தெட்டையும் தோற்றவள், இருபத்தொன்பதாவதை ஜெயித்துவிடலாம். ஆட்டமோ நாறிக் கிடக்கிறது. ஒரு குதிரை குறைவு, இப்போது ஒரு சிப்பாயும் போச்சு, அக்காவின் ராணி உள்ளே புகுந்து ஒவ்வொன்றாகத் தின்ன ஆரம்பித்துவிட்டது. ஆடினால் தோல்வி, சும்மா இருந்தால் வெற்றி. சும்மா இருப்பதுதான் கனிக்கு வராத ஒன்று.

யோசிக்கிற மாதிரி நடிக்க வேண்டும். அதற்கு முகம் எப்படி இருக்கும்? கன்னத்தில் கை வைத்தாள். சரியில்லை, பல்வலிக்காரி மாதிரி இருக்கும். ரெண்டு கையாலும் நெற்றியைத் தாங்கிக்கொண்டு பலகையைப் பார்த்தாள், அது பரவாயில்லை, அதோ அடுத்த மேசையில் கண்ணாடி போட்ட பையன் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான். மண்டபத்தில் ஃபேன்கள் சுற்றின, காற்று மட்டும் வரவில்லை. மத்தியானம் சாப்பிட்ட எலுமிச்சைச் சாதம் கண்ணுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. கல்யாண மண்டபம்தான் இது, போன முகூர்த்தத்துக்கு யாரோ கல்யாணம் பண்ணியிருக்கிறார்கள், மேடைக்குப் பின்னால் தெர்மாக்கோல் எழுத்தில் மாப்பிள்ளை பேர் முழுசாக இருந்தது, பொண்ணு பேரில் முதல் ரெண்டு எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. நாற்காலி இடுக்கில் மஞ்சள் அரிசி. பந்தி போடுகிற நீள மேசைகளைத்தான் வரிசையாகப் போட்டு வெள்ளைத் தாள் விரித்திருக்கிறார்கள், அதனால் இருநூறு பேரும் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பந்தியில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது, ஆனால் யாரும் சாப்பிடவில்லை, பேசவில்லை, இலையில் போட்டதை ஒரே பார்வையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வப்போது ஒரு கை மட்டும் நீண்டு ஒரு காயை எடுத்து வேறு இடத்தில் வைக்கிறது, டக், ஒரு பட்டன், டக், எங்கேயோ தூரத்தில் மழை ஆரம்பிக்கிறபோது தகரத்தில் விழுகிற முதல் சொட்டுகள் மாதிரி. இந்த மேசையில் மட்டும் சொட்டு விழவில்லை. 6:31. அக்கா கனியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். கனி சட்டென்று குனிந்துகொண்டாள்.

குனிந்தால் சிப்பாய்கள். இதுகளால்தான் முதல் அசிங்கம். எங்கள் வளவில் இப்படித்தான் ஆடுவோம் என்று சொன்னால் இந்த மண்டபத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே முற்றம், ஒரே செஸ் பலகை, அதில் ஒரு யானைக்குப் பதில் தைல பாட்டில் மூடி. அண்ணன் மாடசாமிதான் சொன்னான், மொத தடவ மட்டும் ரெண்டு சிப்பாய ஆளுக்கொரு கட்டம் ஒண்ணா நகத்தணும்ட்டி, அதான் ரூலு. அவனுக்கு யார் சொன்னார்களோ. வளவில் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள், எதிர்வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் ஆடினவர்களும் அப்படித்தான், ஊரே அப்படித்தான் என்று ஆன பிறகு அது தப்பென்று யாருக்குத் தோன்றும்? தூத்துக்குடியில் முதல் டோர்னமெண்டில் முதல் ஆட்டம். எதிரில் ஏழு வயசுப் பையன், கால் தரையைத் தொடவில்லை, ஆட்டிக்கொண்டே இருந்தான். கனி ரெண்டு கையாலும் ரெண்டு சிப்பாயை ஒரே நேரத்தில், ஸ்டைலாக வேறு, நகர்த்தினாள். பையன் காலாட்டுவதை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினான். சார், இந்த அக்கா ரெண்டு மூவ் வைக்காங்க. நடுவர் வந்தார். எங்கம்மா படிச்ச இத? எங்க வளவுல சார். சுற்றி நாலு மேசையும் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை, இப்போதும் ஆட்டம் ஆரம்பிக்கும்போது இடது கை தானாக மேலே வரப் பார்க்கிறது, தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறாள். பதினோரு மூவில் அந்தப் பையன் மேட் வைத்தான். வைத்துவிட்டு, பாத்ரூம் எங்க இருக்குன்னு தெரியுமாக்கா என்று கேட்டான்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. எப்படிப் படிப்பது என்று எவனும் சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறான். அம்மாவின் போனில் ஓர் ஆப், அதில் கம்ப்யூட்டரோடு ஆடலாம், ஒண்ணாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு ஒரு கோழிக்குஞ்சுப் படம் போட்டிருக்கும், அந்தக் கோழிக்குஞ்சிடம் ஒன்பது நாள் தோற்றாள். பத்தாவது நாள் ஜெயித்தபோது சத்தம் போட்டுச் சொல்ல ஆளில்லை, கோழிக்குஞ்சுதானே. வீடியோவில் ஒருத்தன் இந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிப் பேசினான், அம்புக்குறியாகப் போட்டுத் தள்ளினான், முதல் பத்து மூவை மனப்பாடம் பண்ணுங்கள் என்றான், கனி பண்ணினாள், ஆனால் எதிரில் உட்கார்ந்தவர்கள் அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள், மூணாவது மூவிலேயே வேறு எதையோ வைத்துவிட்டார்கள், மனப்பாடம் பண்ணின கேள்வி வராத பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது, அதில் பாதிப் பக்கங்களில் குதிரைப் படத்தை மட்டும் எவனோ கத்தரித்துக் கொண்டுபோயிருந்தான். பிறகு தனியாக, வலது கை வெள்ளை, இடது கை கருப்பு. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். வலது கை என்ன நினைக்கிறது என்று இடது கைக்குத் தெரிந்துவிடும், தெரிந்தும் தெரியாத மாதிரி போய் வலையில் விழும், கனி ரெண்டு பக்கமும் பார்த்து அலுத்துப்போய்ப் பலகையைக் கவிழ்த்துவிடுவாள். எல்லா வழியிலும் ஒரே இடத்தில்தான் முட்டியது. பொறுமை கிடையாது. காய் தெரிந்தது, கை போய்விட்டது. மூணு நொடி. வைத்த பிறகுதான் கண் திறக்கும், அய்யோ அங்கே மந்திரி நிற்கிறதே. அந்த அய்யோ இருபத்தெட்டு தடவை. 5:04.

பள்ளிக்கூடமும் அந்த மூணு நொடியில்தான் போனது. பிளஸ் ஒன் காலாண்டு லீவு முடிந்து திங்கட்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். பஸ் வந்தது. ஏறவில்லை. அவ்வளவுதான் கதை. யாரும் அடிக்கவில்லை, யாரும் ஏசவில்லை, காதல் கீதல் ஒன்றும் இல்லை, எல்லோரும் காரணம் கேட்கிறார்கள், இருந்தால்தானே சொல்ல. பிசிக்ஸ் சார் கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்கும்போது தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்க்கிற மாதிரி இருக்கும், சத்தம் வரும், வார்த்தை வராது. இனிமேல் போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னபோது அம்மா கடலை மிட்டாய் கம்பெனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள், உடம்பெல்லாம் வெல்லப்பாகு வாசனை. அம்மா கத்துவாள் என்று பார்த்தால், கத்தவில்லை. பொறவு என்ன செய்யப் போற என்று மட்டும் கேட்டாள். கனிக்கு வாயில் வந்தது செஸ். ஏன் வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நாலு மாசம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, போனைக் கொடுத்தாள், பஸ் செலவைக் கொடுத்தாள். நேற்றைக்குத்தான் சோறு போட்டுக்கொண்டே, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வா கனி, நான் வாயத் தொறக்க மாட்டேன், இல்லேன்னா திங்கக்கெழம என்கூட கம்பெனிக்கு வந்துரு, சூப்பர்வைசர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். காலையிலிருந்து நாலு ரவுண்டு, நாலும் போச்சு. இது அஞ்சாவது, இதுதான் கடைசி. கம்பெனி ஒன்றும் நரகம் கிடையாது, கனி போய்ப் பார்த்திருக்கிறாள், நல்ல மனுஷர்கள், பாட்டுப் போட்டுவிடுவார்கள். ஆனால் அம்மாவின் விரல்களைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. கவரை எடுக்க, மிட்டாயைப் போட, சீல் வைக்க, கவரை எடுக்க, மிட்டாயைப் போட. அம்மா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள், விரல்கள் மட்டும் வேலை செய்தன, அம்மா அங்கே இல்லவே இல்லை. எங்கே போயிருந்தாள் என்று கேட்கத் தைரியம் இல்லாமல் கனி வெளியே வந்து நின்றாள். 3:58.

ஆக மூணு நிமிஷம் ஐம்பத்தெட்டு நொடி கழிந்தால் திங்கட்கிழமை கிடையாது. சுலபம். ஆனால் இந்த அக்கா இப்படிச் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். நாலாவது ரவுண்டு முடிந்து கை கழுவுகிற இடத்தில்தான் பழக்கம், ஜெயசுதா அக்கா டிபன் பாக்ஸை அலசிக்கொண்டிருந்தாள், எத்தன பாயிண்டு என்று கேட்டாள். முட்டை, என்றாள் கனி. எனக்கும் முட்டைதான், என்றாள் அக்கா, ரெண்டு முட்டையும் மோதப் போவுது போல, பாப்போம் எது ஆஃபாயில்னு. மகள் தர்ஷிகா மேடைப் பக்கம் பெரிய மேசையில் ஆடுகிறாள், பதினோரு வயசு, கப்பெல்லாம் வாங்கியிருக்கிறாள். அக்கா நாலு வருஷமாக மண்டபம் மண்டபமாகத் தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள், மற்ற அம்மாக்களோடு வெளியே உட்கார்ந்து அடுத்தவள் மருமகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சடைத்துப்போய், ஒருநாள் நாமளும் பேர் கொடுத்தா என்ன என்று கொடுத்துவிட்டாள். வீட்டில் தர்ஷிகாவோடு ஆடுவேன், அவ என் முகத்தப் பாத்தே நான் என்ன வைக்கப் போறேன்னு சொல்லிருவா, என்றாள். வீட்ல கடியாரமெல்லாம் கெடையாது, இங்க வந்து அத அமுக்கணும்னு ஞாபகமே வர மாட்டேங்கு. சொன்னாளே. அவள் வாயாலேயே சொன்னாளே. போன ரவுண்டுல என்கூட ஆடின தாத்தா நல்ல மனுஷன், ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தாரு. அப்படிச் சொன்னபோது கனி தலையை ஆட்டிக்கொண்டு கை கழுவினாள். அந்தத் தாத்தா ஜெயித்துக்கொண்டிருந்திருப்பார். ஜெயிக்கிறவனுக்கு நல்ல மனுஷனாக இருப்பது சுலபம். நான் ஏன் சொல்ல வேண்டும், நடுவரே கட்டாயம் இல்லை என்கிறார், திருடவில்லை, காயை மறைக்கவில்லை, நான் பாட்டுக்கு யோசிக்கிறேன், யோசிப்பது ஒரு தப்பா? ஆனால் யோசிக்கவில்லையே. நடிக்கத்தானே செய்கிறேன். 2:50. சொல்லிவிடலாமா. 2:47. சொல்ல மாட்டேன். நினைத்ததை அப்படியே பேசி ஊர் பூரா பேர் வாங்கினவள், பேசாமல் இருந்தால் உடம்பு இப்படிச் சூடாகும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அக்காவும் பார்ப்பாள், அக்கா முகத்தையும் பார்க்கக் கூடாது, மிச்சம் இருப்பது பலகைதான், ஆகப் பலகையைப் பார்த்தாள். வேறு எங்கேயும் போக முடியாமல் பார்த்தாள். இவ்வளவு நேரம் ஒரே இடத்தை அவள் எப்போதுமே பார்த்தது கிடையாது. முதலில் கட்டங்கள் மிதந்தன, வெள்ளை மேலே வந்தது, கருப்பு கீழே போனது, பிறகு கருப்பு மேலே, வளவு முற்றத்தில் தண்ணீர் தெளித்துக் காய்கிறபோது தரை திட்டுத் திட்டாக வெளுக்குமே, அதைப் போல. கண்ணைச் சிமிட்டாமல் இருந்தாள். மிதந்தவை மெல்லப் படிந்தன. படிந்ததும் காய்கள் காய்களாக இல்லாமல் அவை பார்க்கிற பார்வைகளாகத் தெரிந்தன, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் போகிற மாதிரி. அக்காவின் ராணியிலிருந்து போகிற நூல்கள் எல்லாம் கனியின் பக்கத்து மூலையில் கிடந்தன. ராணி தின்னப் போய்விட்டது, வீட்டில் இல்லை. அக்காவின் குதிரை ஓரத்தில் நின்று ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவின் ராஜா கடைசி வரிசையில், முன்னால் மூணு சிப்பாய் நெருக்கமாக நின்று வாசலை அடைத்துக்கொண்டு. அந்த வரிசையைக் காக்க ஒரே ஒரு யானை. இந்தப் பக்கம் கனியின் ராணி நடுவில் நிற்கிறது, அதற்கு நேர் பின்னால், அதே கோட்டில், கனியின் யானை. அந்த யானை அங்கே எப்போது வந்தது? அவள்தான் வைத்திருக்கிறாள், மூணு நொடியில், வேறு எதற்கோ. ராணியை நேராகக் கீழே, அக்காவின் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனால்? செக். அக்கா யானையால் ராணியை வெட்டுவாள். ராணி போச்சு, பைத்தியமா உனக்கு. கை வழக்கம்போலத் துடித்தது, வேறு எதையாவது வைத்துத் தொலை என்றது. ஆனால் கை வைக்க முடியாது, அக்கா அமுக்கவில்லையே. கை கட்டிக்கிடந்ததால் கண் இன்னும் ஓர் அடி போனது. ராணியை வெட்டின யானையை, பின்னாலிருந்து இறங்கி வருகிற என் யானை வெட்டும். அதுவும் செக். ராஜா எங்கே போவான்? முன்னால் அவனுடைய சிப்பாய்களே அடைத்து நிற்கின்றன. பக்கத்தில் என் யானை. குறுக்கே விழ ஆள் இல்லை, ராணி தூரத்தில், குதிரைக்கு எட்டாது. கனி திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். ராணி, வெட்டு, யானை. திரும்பவும். அக்காவுக்கு வேறு வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு காயாகப் போய்க் கேட்டாள், இல்லை, இல்லை, எனக்கு எட்டாது, இல்லை. ஃபேன் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. மண்டபமே தூரமாகப் போய், அந்த ஒரு கோடு மட்டும் பக்கத்தில் இருந்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிறபோது மேலே யாரோ பேசுகிற வார்த்தை முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்ட மாதிரி.

0:41.

அப்போதுதான் உறைத்தது. இன்னும் நாற்பது நொடி சும்மா இருந்தால் ஆட்டம் முடிந்துவிடும், ஜெயித்துவிடுவாள், ராணி அங்கேயே நிற்கும். அந்த மூவை வைக்கவே முடியாது. அவள் கண்டுபிடித்தது, ஆயுசில் முதல் முதலாக அவளாகவே கண்டுபிடித்தது, யாருக்கும் தெரியாமல் காய்களோடு டப்பாவுக்குள் போய்விடும். 0:33. சொன்னால் அக்கா வேறு ஏதாவது கண்டுபிடிப்பாளோ? கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, பார்த்தாகிவிட்டது. நிச்சயமாகப் பார்த்தாயா? இருபத்தெட்டு தடவை நிச்சயமாகத்தானே வைத்தாய்? 0:27. திங்கட்கிழமை. வெல்லப்பாகு. 0:25.

“அக்கா, பட்டன அமுக்கல நீங்க.”

சொல்லிவிட்டது வாய். ஜெயசுதா அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், கனியைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகுதான் கை போய் அமுக்கியது. 0:19-இல் நின்றது. கனி ராணியை எடுத்தாள். அவசரமாக இல்லை. கடைசி வரிசையில் வைத்தாள். பட்டனை அமுக்கினாள்.

“ராணியவா குடுக்க?” அக்கா முணுமுணுத்தாள். யானைக்கு மேல் கை போனது, தொடாமல் நின்றது. வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை, வெட்டினால் போதும், ஆனால் இவள் ஏன் கொடுக்கிறாள் என்று அக்கா குனிந்து பார்க்கிறாள். கனி மனசுக்குள் சொன்னாள், வெட்டுக்கா, வெட்டு, அடுத்தது நான் வைக்கணும். அக்காவின் கண் கனியின் கருப்பு யானைக்குப் போனது, அங்கிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தது, பாதியில் நின்று, “ஓ” என்று வாய் குவிந்தது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. 0:03. 0:02. கடிகாரம் சத்தம் போடவில்லை. பூஜ்யத்தில் சும்மா நின்றது.

அந்தப் பக்கமாக வந்த நடுவர் எட்டிப் பார்த்தார். “டைம் முடிஞ்சுட்டு. கருப்பு வின். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க,” என்று தாளை வைத்துவிட்டுப் போனார்.

ரெண்டு பேரும் தாளைத் தொடவில்லை.

“எப்பருந்து பாத்துக்கிட்டு இருந்த?” என்று கேட்டாள் அக்கா. குரலில் சிரிப்பு இல்லை.

“ஏழு நிமிஷம் பன்னெண்டு செகண்டுலருந்து.”

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்திருக்க.”

“ஆமாக்கா.”

“பொறவு எதுக்குச் சொன்ன?”

கனி கையை நீட்டினாள். அக்காவின் யானையை அவளே எடுத்துத் தன் ராணியை வெட்டினாள். பிறகு தன் யானையை அந்தக் கோட்டின் வழியாகக் கீழே இறக்கி வைத்தாள். “இத வைக்கதுக்கு.”

அக்கா தன் ராஜாவின் தலையில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். வலப்பக்கம் போகாது. முன்னால் போகாது. இடப்பக்கமும் போகாது. ராணியைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டாள், இப்போது யாருடைய நேரமும் ஓடவில்லை.

“களவாணிச் சிறுக்கி,” என்றாள். செத்துப்போன கடிகாரத்தை இழுத்து, தன் பக்கத்துப் பட்டனை ஓங்கி ஓர் அமுக்கு அமுக்கினாள். “ம். உன் முறதான் இப்ப. பழையபடி அடுக்கி, மொதல்லருந்து வச்சுக் காட்டு.”